எழுதிச் சாப்பிடுங்கள்: அளவாகச் சாப்பிடப் பழக ஒரு வழிகாட்டி

‘அளவாகச் சாப்பிடு’ என்று நம்மிடம் சொல்லாத ஆள் கிடையாது. எது அளவு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எப்படி அதில் நிற்பது என்று உட்காரவைத்துச் சொல்பவர்தான் கிடைப்பதில்லை. நான் நெடுநாள் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

இதில் டயட் சார்ட் எதுவும் இருக்காது. நீங்கள் என்ன சாப்பிட வேண்டும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. இப்போது சாப்பிடுவதையே அளவுக்குள் கொண்டுவர இரண்டு வேலைகள் செய்ய வேண்டும்: சாப்பிடுவதை எழுதுவது, எழுதியதை இன்னொருவருக்குக் காட்டுவது. மற்றதெல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்வதற்கான வழிதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். முன்பு எப்போதாவது பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுத் தள்ளுவது போன்ற சிக்கல் உங்களுக்கு இருந்திருந்தால், இந்த முறையைத் தனியாகத் தொடங்காதீர்கள். எண்களை எழுத ஆரம்பித்தாலே பழைய சிக்கல் திரும்பி வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

1. கையில் சேர்க்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், தனியாகப் பார்த்துக் குறித்த ரத்த அழுத்தம் ஆகியவைதான் நமக்கு வேண்டியவை. ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் ஒருமுறை புதிதாக எடுத்துவிடுங்கள். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ‘பதினைந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேனே, பார்ப்போம்’ என்று ஆர்வத்தில் மறுபடி எடுத்தால் பணம்தான் வீண். மூன்று மாதம் கழித்து எடுங்கள்.

அடுத்து, ஒரு சின்ன நோட்டு. பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருக்க வேண்டும். பெரிய அழகான டைரி வாங்கினால் அது மேசையிலேயே இருக்கும், நீங்கள் சாப்பிடுமிடத்துக்கு வராது. போனில் எழுதுவது வசதி என்றால் அப்படியே செய்யுங்கள், ஒரு குறையும் இல்லை. ஆப் வேண்டுமென்றால் இலவசப் பதிப்பே போதும். முதல் வார வேகத்தில் ஆண்டுச் சந்தா கட்டிவிடாதீர்கள். இலவச சோதனைக் காலம் என்று போட்டிருந்தாலும், அது முடிந்ததும் தானாகவே பணம் பிடிக்கப்படுமா என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். ஒரு கிராம் துல்லியத்தில் காட்டுவதாகவும், பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கும் பொத்தான் உள்ளதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குத்தான் தேவை என்பதால் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கலாம். இடுப்பை அளக்க ஒரு டேப். உடல் எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு என்று பலர் பயப்படுகிறார்கள். ஆன்லைனில் உணவைப் பதிவுசெய்தவர்களை ஆறு மாதம் கவனித்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. முதல் மாதத்தில் அவர்களுக்கு ஒரு நாளைக்கு 23 நிமிடம் போல ஆனது. ஆறாவது மாதத்தில் 15 நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது. நீண்ட நேரம் உட்கார்ந்து விரிவாக எழுதியதால் பலன் கூடவில்லை. ஒரு நாளில் பலமுறை எழுதியவர்களுக்குத்தான் எடை அதிகம் குறைந்தது.

2. முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நோட்டு வாங்கிய அன்றே சர்க்கரையை விட்டு, இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, காலையில் ஓடவும் கிளம்பிவிடுவார்கள். பத்து நாளில் நோட்டும் போய்விடும், ஓட்டமும் போய்விடும். முதல் வாரம் வழக்கம்போலவே சாப்பிடுங்கள். உங்கள் உண்மையான சாப்பாடு என்ன என்று தெரிந்தால்தான் எதைக் குறைப்பது என்று தெரியும்.

ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

காலை 8.10: ரொட்டி 2 துண்டு, வெண்ணெய் 1 டீஸ்பூன், முட்டை 1. காபி, சர்க்கரை 2 டீஸ்பூன். பசி 6.

மாலை 5.40: பிஸ்கட் 5. காபி, சர்க்கரை 2 டீஸ்பூன். பசி 2. நின்றுகொண்டே, போன் பார்த்தபடி.

நேரம், பொருள், அளவு, சாப்பிடும் முன் இருந்த பசிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். பசி இல்லாமல் சாப்பிட்டிருந்தால் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று இரண்டு வார்த்தை. இவ்வளவுதான். அந்தப் பசி மதிப்பெண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். கலோரிக் கணக்கைவிட அதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். மேலே உள்ள மாலைப் பதிவைப் பாருங்கள். ஐந்து பிஸ்கட் பசிக்காகப் போகவில்லை என்பது அந்த ‘2’ என்ற எண்ணிலேயே தெரிகிறது.

எப்போது எழுதுவது? வாயில் வைப்பதற்கு முன். முடியாவிட்டால் கை கழுவிய உடனே. ‘ராத்திரி மொத்தமாக எழுதிக்கொள்ளலாம்’ என்று வைத்தால் பாதி மறந்துபோகும். மறப்பது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நடக்கும்: சாப்பிடாததைச் சாப்பிட்டதாக யாரும் எழுதிவிடுவதில்லை, சாப்பிட்டதுதான் விட்டுப்போகும். ‘குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை குறையவில்லை’ என்று சொன்ன சிலரை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 1992இல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. உடலின் சக்திச் செலவோ இயல்பாகவே இருந்தது. அவர்கள் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

வழக்கமாக விட்டுப்போகிறவை: சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது, குடித்தவை எல்லாம், யாரோ நீட்டியதில் எடுத்த ஒரு துண்டு, விடுமுறை நாள். கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் எழுதி இரண்டு நாள் விட்டால், விட்ட அந்த இரண்டு நாளில்தான் விஷயமே இருக்கும்.

3. இரண்டாவது, மூன்றாவது வாரம்: கண்ணுக்கு அளவு பழகட்டும்

இப்போது தராசை எடுங்கள். வாழ்நாள் முழுக்க எடை போட்டுச் சாப்பிடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கிண்ணம், உங்கள் கரண்டி, உங்கள் கைப்பிடி எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்துகொண்டால் போதும். இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும்.

அடிப்படைக் கணக்கு எளிது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9, மதுவில் 7. கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் முதலில் அளக்க வேண்டியது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிப் பழகியவர்கள் ஒருநாள் வழக்கம்போல் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதைக் கரண்டியால் அளந்து பாருங்கள். ஒரு கரண்டி என்று நினைத்தது மூன்று கரண்டியாக இருப்பது சாதாரணம். கொட்டைப் பருப்பு வகைகளும் அப்படித்தான். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் 30 கிராமிலேயே 170, 180 கலோரி வந்துவிடும்.

அடுத்து சர்க்கரை. ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 4 கிராம். காபிக்கு இரண்டு வீதம் நாளுக்கு நான்கு காபி என்றால் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாம் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். இனிப்பு எதையும் தொடாமலே, காபியில் மட்டும் இரண்டாவது எல்லையைத் தாண்டியாயிற்று. உப்புக்கு அதே நிறுவனத்தின் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. காய்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராமாவது வேண்டும். ஒருநாள் அதையும் எடை போட்டுப் பாருங்கள். குறைக்க வேண்டியதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூட்ட வேண்டியது ஒன்று இருப்பது தெரிவது மனசுக்கு நல்லது.

இந்தக் கட்டத்தில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, பச்சை எடையும் வெந்த எடையும். நூறு கிராம் அரிசி வெந்தால் தண்ணீரை இழுத்து முந்நூறு கிராம்போல ஆகும். வெந்த சோற்றை எடை போட்டு, அரிசிக்கான கணக்கை எழுதினால் மூன்று மடங்கு காட்டும். அரிசியை எடை போட்டுச் சோற்றுக் கணக்கை எழுதினால் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். இரண்டாவது, பாக்கெட் லேபிள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று போட்டிருக்கும் எண்ணை முழுப் பாக்கெட்டுக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்து, நீங்கள் சாப்பிட்ட கிராமுக்குக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது, பல ஆப்களில் தேடினால் வரும் பதிவுகள் யாரோ ஒரு பயனர் போட்டவை. ஒரே பொருளுக்கு ஐந்து விதமான எண் வரும். சந்தேகம் வந்தால் அமெரிக்க வேளாண் துறையின் ‘ஃபுட்டேட்டா சென்ட்ரல்’ தரவுத்தளத்தில் சரிபாருங்கள், அது இலவசம்.

கலோரிக் கணக்கு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கிண்ணம், கரண்டி, கைப்பிடி என்று எழுதினாலும் போதும். ஆனால் அளவு எழுத வேண்டும். ‘கொஞ்சம்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.

4. ஒரே ஒரு விதி

மூன்றாவது வார முடிவில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். பசி 3, அதற்கும் கீழே என்று போட்டுச் சாப்பிட்ட இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு நேரத்தில் வட்டங்கள் கூட்டமாக நிற்கும். சிலருக்கு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம். சிலருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரை முன்னால். இன்னும் சிலருக்கு, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களின் மாலை. கடைசி வகை என்றால் சரிசெய்ய வேண்டியது மாலையை அல்ல, மதியத்தை.

அந்த இடத்துக்கு ஒரு விதி எழுதுங்கள். ‘இனிமேல் கொறிக்க மாட்டேன்’ என்பது நிற்காது. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று எழுதினால் நிற்கும். ‘வீட்டுக்குள் வந்ததும் முதலில் உடை மாற்றி ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன், அதற்குப் பிறகும் பசித்தால் உட்கார்ந்து தட்டில் வைத்துச் சாப்பிடுவேன்’ என்பது போல. பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடுவதில்லை, எதுவானாலும் தட்டில் போட்டு உட்கார்ந்துதான் என்பது பலருக்கும் உதவும் விதி. மறுமுறை போட்டுக்கொள்வதற்கு முன் பதினைந்து, இருபது நிமிடம் காத்திருப்பதும் அப்படியே. போதும் என்ற உணர்வு வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச்சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் இரண்டாவது தட்டை முடித்துவிடுகிறோம்.

ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு விதி யோசிக்காமலே நடக்கும் பழக்கமானதும் அடுத்ததற்குப் போகலாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி மனம் உடையாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது.

5. காட்டுவதற்கு ஒரு ஆள்

தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நோட்டு மெல்ல நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் கேட்பார் என்று தெரிந்தால் நிற்காது. அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே ஆய்வு மையத்தினர் 2008இல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய 1,700 பேரில் தினமும் உணவை எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் வாராவாரம் குழுவாகக் கூடுவதும் இருந்தது. எழுதுவதையும் காட்டுவதையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? கேலி செய்யாதவர், அறிவுரையை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர், சொன்ன நேரத்துக்கு போன் எடுப்பவர். உடன் வாழ்பவர் பெரும்பாலும் சரிவர மாட்டார். ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்க்கிறவராகிவிட்டால் சாப்பாட்டு மேசை விசாரணைக்கூடமாகிவிடும், அப்புறம் ஒளித்துச் சாப்பிடத் தோன்றும். கொஞ்சம் தள்ளி இருக்கும் நண்பர், அக்கா, உடன் வேலை செய்பவர் நல்லது. அவரும் எழுதினால் இன்னும் நல்லது.

முதல் நாளே இதைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்:

- வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
- நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்று: எத்தனை நாள் எழுதினீர்கள், விதியை எத்தனை நாள் காப்பாற்றினீர்கள், எந்த நேரம் கஷ்டமாக இருந்தது.
- அவர் கேட்கக் கூடாதவை: எடை எவ்வளவு, ஏன் இதைச் சாப்பிட்டாய்.
- முதல் ஒப்பந்தம் நான்கு வாரத்துக்கு. பிறகு இருவருக்கும் சம்மதம் என்றால் நீட்டிக்கலாம். முடிவுத் தேதி இல்லாவிட்டால் இருவரில் ஒருவர் சொல்லாமலே நழுவிவிடுவார், நட்பிலும் ஒரு கசப்பு வரும்.

வாரச் செய்தி இந்த அளவுக்கு இருந்தால் போதும்: ‘7க்கு 6 நாள் எழுதினேன். விதி 4 நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி முடியவில்லை, தூக்கம் கெட்ட நாள் அது.’ இதற்கு அவர் ‘சரி, அடுத்த வெள்ளிக்கு என்ன செய்யப்போகிறாய்?’ என்று மட்டும் கேட்டால், அவரைவிட நல்ல துணை கிடைக்காது.

எடைக்கு ஏன் கணக்குக் கேட்கக் கூடாது என்கிறேன் என்றால், எடை உங்கள் கையில் இல்லை, எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. எடைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால், எடை ஏறிய வாரத்தில் பேச்சையே தவிர்ப்போம். அந்த வாரத்தில்தான் பேச வேண்டும். பந்தயம் கட்டுவது, தோற்றால் பணம் கொடுப்பது போன்ற ஏற்பாடுகளையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பணம் போகக் கூடாது என்பதற்காக நோட்டில் பொய் நுழையும். பொய் நுழைந்த நோட்டால் ஒரு உதவியும் கிடையாது.

ஆள் யாரும் அமையாவிட்டாலோ, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது இருந்தாலோ, முறையாகப் படித்த உணவியல் நிபுணரிடம் செலவழிப்பது தகும். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், என் நோட்டை வாராவாரம் நீங்களே பார்ப்பீர்களா, பவுடர் மாத்திரை எதையாவது வாங்கச் சொல்வீர்களா. மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

6. எடையும் இடுப்பும்

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன், கெட்டியான தரையில் இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வந்தால் அது கொழுப்பு இல்லை. உப்பு அதிகமான நாளில் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, ஒரே நாளில் அவ்வளவு கூடுதலாகச் சாப்பிடுவது எளிதில்லை. அதனால் தினமும் பார்ப்பவர்கள் வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். எடை குறைக்க வேண்டியவர்களுக்கு வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரை போதும். அதற்கு மேல் வேகம் கேட்டு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே போக வேண்டாம்.

இடுப்பை மாதம் ஒருமுறை அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்ட பிறகு. உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது. எடை எண்ணைப் பார்த்தாலே அந்த நாள் கெட்டுப்போகிறது என்றால் இயந்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு இடுப்பை மட்டும் பாருங்கள்.

7. அளவு மீறிய நாள்

வரும். அன்று செய்ய வேண்டியது, மற்ற நாளைவிடக் கவனமாக எழுதுவது. ‘இன்றைக்குக் கெட்டது கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்க்கலாம்’ என்று நோட்டை மூடும்போதுதான் ஒரு வேளை ஒரு வாரமாக நீள்கிறது. அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். ஈடுகட்ட வேண்டும் என்று பட்டினி போட்டால் மாலையில் பசி 9க்கு வந்து நிற்கும், மறுபடியும் அதே கதை.

ஆனால் சாப்பாட்டை நினைத்தாலே பயம், எழுதாததைத் தொடவே பதற்றம், ஒளித்துச் சாப்பிடுவது, வாந்தி எடுப்பது என்று எதாவது தலைகாட்டினால் அன்றே எழுதுவதை நிறுத்துங்கள். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். உங்கள் துணையிடமும் இதைச் சொல்லி வையுங்கள், உங்களுக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரியும்.

8. எப்போது குறைத்துக்கொள்ளலாம்?

மூன்று மாதம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்து, பழைய அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து எடுப்பவர்கள் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள், அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

விதிகள் கைக்கு வந்திருந்தால் தினமும் எழுதுவதை வாரம் மூன்று நாளாக்குங்கள். அதில் ஒன்று கட்டாயம் விடுமுறை நாளாக இருக்கட்டும். இன்னும் சில மாதம் போனபின் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எழுதினால் போதும். துணையோடு பேசுவதையும் வாரத்திலிருந்து மாதத்துக்கு மாற்றலாம், அடியோடு நிறுத்த வேண்டாம். வேலை மாற்றம், வீடு மாற்றம், நீண்ட பயணம், உறக்கம் கெடும் காலம் வந்தால் இரண்டு வாரத்துக்குத் தினசரிப் பதிவுக்குத் திரும்பிவிடுங்கள். இடுப்பளவு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினாலும் அப்படியே. அப்போது முதல் வாரத்தைப்போல எதையும் மாற்றாமல் எழுதிப் பார்த்துவிட்டு, மறுபடி வட்டமிடத் தொடங்குங்கள்.